காசு இருந்தா மட்டும் போதாது... "கார் உங்களோடதா?" - அரிய ஸ்போர்ட்ஸ் கார் பார்ட்ஸ் வாங்க ஆதாரம் கேட்பது ஏன்? முழு விளக்கம்

ஒரு கியர் வேணும். கையில் பணம் இருக்கிறது. கம்பெனியிடம் ஸ்டாக்கும் இருக்கிறது. ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். "முதல்ல கார் உங்களோடதுதான்னு காட்டுங்க" என்பார்.

சாதாரண காருக்கு இப்படி யாரும் கேட்பதில்லை. பிரேக் பேட், ஏர் ஃபில்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் மாடல் பெயரைச் சொன்னாலே கிடைத்துவிடும். ஆனால் உலகத்தில் சில நூறு மட்டுமே உள்ள ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கதையே வேறு. பார்ட்ஸ் வாங்க வருபவர் உண்மையிலேயே அந்தக் காரின் ஓனர்தானா என்று பார்த்த பிறகே சில நிறுவனங்கள் விற்கின்றன.

இது பணக்காரர்களின் பிரச்னை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னால் திருட்டு கார், போலி கார், பதுக்கல், 'என் வண்டியை நானே ரிப்பேர் செய்யும் உரிமை' என எல்லோருக்கும் தொடர்புள்ள விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டொயோட்டா போட்ட கண்டிஷன் என்ன?

இந்த விதிக்குத் தெளிவான உதாரணம் ஜப்பானின் டொயோட்டா 2000ஜிடி. யமஹா நிறுவனத்துடன் சேர்ந்து டொயோட்டா உருவாக்கிய இந்தக் கார், 1965-ல் டோக்கியோ மோட்டார் ஷோவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1967 முதல் 1970 வரை விற்பனையில் இருந்தது. 2 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின், 150 குதிரைத்திறன், 5 ஸ்பீடு கியர் பாக்ஸ். மொத்தம் தயாரானதே 337 கார்கள்தான்.

1967-ல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்'-ல் மேற்கூரை இல்லாத வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று வருமே, அது இதுதான். நடிகர் ஷான் கானரியின் உயரத்துக்கு உள்ளே இடம் போதவில்லை என்பதால் படத்துக்காகவே கூரையை எடுத்துவிட்டு சிறப்பாகத் தயாரித்தார்கள்.

இன்றைக்கு இதன் மதிப்பு? 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு 2000ஜிடி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. கரோல் ஷெல்பியின் அணி 1968-ல் பந்தயத்தில் ஓட்டிய 2000ஜிடி ஒன்று, 2022-ல் 25 லட்சம் டாலருக்கும் மேல் விலை போனது.

ஆனால் 50 வருடம் ஆன கார் சும்மா ஓடுமா? தேயும் பாகங்களில் ஒன்று கியர் பாக்ஸ். கியர் மாற்றும்போது பல்சக்கரத்தின் வேகத்தையும் அது இணையும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்த உள்ளே 'சின்க்ரோனைசர் ரிங்' என்ற சிறிய வளையம் இருக்கும். அது உரசி உரசித்தான் வேலை செய்கிறது. அதனால் தேய்மானம் நிச்சயம். தேய்ந்துவிட்டால் கியர் போடும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பல்சக்கரமே போய்விடும்.

புது பார்ட்ஸ் இல்லையென்றால் ஓனருக்கு இரண்டே வழி. ஒன்று, பட்டறையில் தனியாகக் கடைசல் பிடித்துச் செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் இன்னொரு 2000ஜிடியைப் பிரித்து அதிலிருந்து எடுக்க வேண்டும். 337-ல் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை இழப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த நிலையில்தான் டொயோட்டா, பழைய மாடல்களுக்கான பார்ட்ஸை மீண்டும் தயாரிக்கும் 'ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ்' திட்டத்தில் 2000ஜிடியைச் சேர்த்தது. ஏ70, ஏ80 சுப்ரா மாடல்களுக்குப் பிறகு, 2020 ஆகஸ்ட்டில் 2000ஜிடியின் கியர் பாக்ஸ் மற்றும் டிஃபரன்ஷியல் பாகங்கள் விற்பனைக்கு வந்தன. கூடவே ஒரு கண்டிஷனும் வந்தது. 2000ஜிடி ஓனர்களுக்கு மட்டுமே விற்பனை. ஒருவர் எத்தனை வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. காரணமாகச் சொல்லப்பட்டது, மறுவிற்பனையைத் தடுப்பது.

எதற்காக இந்தக் கெடுபிடி? 4 காரணங்கள்

1. பதுக்கல், மறுவிற்பனை

பண்டிகைக்கு ரயில் டிக்கெட்டை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு கூடுதல் விலைக்கு விற்பவர்களைப் பார்த்திருப்போம். இங்கேயும் அதே கதைதான். பழைய மாடலுக்கு ஒரு பாகத்தை மறுபடியும் தயாரிப்பது சாதாரண வேலை இல்லை. பழைய அச்சுகள் இருக்காது, அன்றைக்குச் சப்ளை செய்த நிறுவனமே இல்லாமல் போயிருக்கும், வரைபடத்தை ஆராய்ந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அதனால் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தயாரிப்பார்கள். அதை நாலு பேர் மொத்தமாக அள்ளிவிட்டால், கார் வைத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. அவர் அதே கியரைப் பல மடங்கு விலையில் வெளியே வாங்க வேண்டியிருக்கும். எந்த ஓனருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ, அவருக்கே அது பயன்படாமல் போய்விடும்.

2. 'புதுசா' பிறக்கும் பழைய கார்கள்

அரிய கார்களில் எண்ணிக்கைதான் மதிப்பு. 1960-களின் ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36 மட்டுமே. 2018-ல் அதில் ஒன்று 4.8 கோடி டாலரைத் தாண்டி ஏலம் போனது. ஆனால் அதே காலத்து, அவ்வளவு விலை போகாத 250 ஜிடிஇ மாடலின் உடலை எடுத்துவிட்டு, ஜிடிஓ போலவே புது உடல் கட்டிய 'ரெப்ளிகா'க்கள் பல இருக்கின்றன. ரெப்ளிகா என்று சொல்லியே விற்றால் பிரச்னையில்லை. ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

கம்பெனியே தயாரித்த ஒரிஜினல் பாகங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால், போலியை ஒரிஜினல் மாதிரிக் காட்டுவது இன்னும் சுலபமாகிவிடும். அதிலும் எஞ்சின் பிளாக், சேஸிஸ், எண் பொறித்த தகடு போன்றவை காரின் அடையாளம் சம்பந்தப்பட்டவை. இவற்றில்தான் நிறுவனங்கள் அதிகக் கெடுபிடி காட்டுகின்றன.

3. திருட்டு

காரைத் திருடி அப்படியே விற்பது கஷ்டம். பிரித்துப் பார்ட்ஸாக விற்பது சுலபம். இன்னொரு வழியும் உண்டு. விபத்தில் நொறுங்கிய காரின் பேப்பரையும் சேஸிஸ் நம்பரையும் வாங்கி, அந்த நம்பரைத் திருட்டு காரில் ஏற்றிவிடுவது. எண் தகடு, சாவி, லாக் செட், எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் ஆகியவற்றை ஆதாரம் இல்லாமல் விற்றால் இந்த வேலைக்கு வழி திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

4. பொருத்தம், பாதுகாப்பு

ஒரே மாடலிலேயே தயாரான வருடத்தைப் பொறுத்துப் பாகங்கள் மாறும். குறைந்த எண்ணிக்கையில் கையால் கட்டப்பட்ட கார்களில் இது இன்னும் அதிகம். சேஸிஸ் நம்பர் தெரிந்தால்தான் சரியான பாகத்தைக் கொடுக்க முடியும். இந்தக் காரணத்துக்காகக் கேட்பதற்கும், ஓனரா என்று பார்க்கக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதற்கு நம்பர் மட்டும் போதும், பின்னதற்குப் பேப்பரும் வேண்டும்.

எந்த பார்ட் இருந்தால் அது 'அதே கார்'?

ஒரு காரில் எல்லா பாகங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால், அது பழைய காரா, புதுக் காரா? இது விடுகதை இல்லை. உண்மையிலேயே நீதிமன்றம் வரை போன கேள்வி.

பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற ஸ்பீடு சிக்ஸ் பந்தயக் கார், 1929, 1930 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லி மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பிறகு அதில் பெரிய 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932-ல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் விபத்து நடந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதற்குப் பின் கார் மறுபடியும் கட்டப்பட்டது, உடலும் மாறியது.

பல ஆண்டுகள் கழித்து, அந்தக் காரைச் சுமார் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பிறகு, 'இதில் லி மான்ஸில் ஓடிய பாகங்களே அதிகம் இல்லை, இது அந்தக் கார் இல்லை' என்று பின்வாங்கியது. 1990-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாகங்கள் மாறியிருந்தாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அது வேறொரு காராக மாறிவிடவும் இல்லை, எனவே இதுதான் உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' என்பது தீர்ப்பின் சாரம்.

அதாவது, காரின் அடையாளம் இரும்பில் மட்டும் இல்லை, அதன் தொடர்ச்சியான வரலாற்றிலும் இருக்கிறது. எப்போது எந்தப் பாகம் மாறியது, யார் வாங்கினார், எந்தக் காருக்குப் போனது என்ற பதிவுகள்தான் அந்த வரலாறு. ஆதாரம் கேட்டு விற்கும்போது இந்தப் பதிவும் தானாக உருவாகிறது. பின்னாளில் காரை விற்கும்போது 'இந்த கியர் கம்பெனியிலிருந்து இந்தக் காருக்காகவே வாங்கியது' என்று காட்டும் பில், ஓனருக்கே லாபம்.

சரி, ஆதாரம்னா எதைக் காட்டணும்?

பொதுவாகக் கேட்கப்படுபவை இவைதான்:

- வாகனப் பதிவுச் சான்று. நம்ம ஊர் ஆர்.சி. போல
- சேஸிஸ் நம்பர் அல்லது விஐஎன் எனப்படும் வாகன அடையாள எண், அது காரில் பொறிக்கப்பட்டிருக்கும் இடத்தின் போட்டோ
- ஓனரின் அடையாள அட்டை, அதில் உள்ள பெயரும் பதிவுச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்
- சில பாகங்களுக்கு, உடைந்த பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்

இன்றைய கார்களில் விஐஎன் 17 எழுத்து, எண்கள் கொண்டது. 1, 0 ஆகிய எண்களோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ இதில் இருக்காது. அமெரிக்காவில் 1981 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். அதற்கு முந்தைய கார்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டது. 2000ஜிடியின் நம்பர் 'எம்எஃப்10' என்று தொடங்கும் குட்டி நம்பர்தான். அதனால் பழைய கார்களுக்கு, கம்பெனியிடம் உள்ள தயாரிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஃபெராரியின் 'கிளாசிகே' பிரிவு செய்வதும் அதைத்தான். காரின் எஞ்சின், கியர் பாக்ஸ், சேஸிஸ் எல்லாவற்றையும் மரனெல்லோவில் உள்ள ஆவணங்களோடு சரிபார்த்த பிறகே சான்றிதழ் கொடுக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பதிவுச் சான்று எல்லா நாட்டிலும் ஓனர்ஷிப்புக்கு ஆதாரம் ஆகாது! பிரிட்டனில் வி5சி என்ற 'லாக் புக்' கொடுக்கிறார்கள். ஆனால் 'இது உரிமைக்கான ஆதாரம் அல்ல' என்று அந்த ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதில் இருப்பது வண்டியைப் பதிவு செய்து பராமரிப்பவரின் பெயர். காசு கொடுத்து வாங்கியவர் வேறொருவராக இருக்கலாம். அமெரிக்காவில் 'டைட்டில்' என்ற தனி ஆவணம்தான் உரிமையைக் காட்டும். எனவே ஒரு நாட்டு ஆவணத்தை வைத்து இன்னொரு நாட்டில் பார்ட்ஸ் கேட்டால், பில், இன்ஷூரன்ஸ், இறக்குமதி ஆவணம் எனக் கூடுதலாகக் கேட்க வாய்ப்பு உண்டு.

கார் உண்மை, பேப்பர் இல்லை... அவங்க கதி?

இந்த விதியால் அதிகம் சிரமப்படுபவர்கள் திருடர்கள் அல்ல, நேர்மையானவர்கள் என்பதுதான் முக்கியமான விமர்சனம்.

அப்பா 40 வருடம் முன்பு வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போன கார். பதிவு காலாவதி, பெயர் மாற்றமும் நடக்கவில்லை. மகன் அதை ஓட வைக்க நினைக்கிறார். பார்ட்ஸ் வாங்கப் பதிவுச் சான்று வேண்டும். ஆனால் பல இடங்களில் கார் ஓடினால்தான் தகுதிச் சோதனையில் பாஸாகிப் பதிவைப் புதுப்பிக்க முடியும். கார் ஓட பார்ட்ஸ் வேண்டும். கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்!

அதேபோல், பழைய கார்களை மட்டுமே புதுப்பிக்கும் பட்டறைகள். அவர்கள் ஓனர் இல்லை, ஆனால் பார்ட்ஸ் வாங்கப் போவது அவர்கள்தான். ஓனர் வேறு நாட்டில் இருப்பார். ஒவ்வொரு முறையும் அவரிடம் கடிதம் வாங்க வேண்டும். நாளைக்குத் தேவைப்படும் என்று ஒரு பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது.

இன்னொன்று, யாரிடம் எந்தக் கார் இருக்கிறது என்ற பட்டியல் கம்பெனியின் கையில் சேர்கிறது. விலை உயர்ந்த கார் வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் கசிந்தால், திருட்டைத் தடுக்க வந்த விதியே திருடனுக்கு வழிகாட்டிவிடும் என்ற பயமும் இருக்கிறது.

புதிய கார்களில் பூட்டு சாஃப்ட்வேரில்!

பழைய கார்களில் கவுன்டரில் கேட்கும் கேள்வியைப் புதிய கார்களில் காரே கேட்கிறது. ஆடி உள்ளிட்ட ஃபோக்ஸ்வேகன் குழும கார்களில் 'காம்போனன்ட் புரொடெக்ஷன்' என்ற முறை உண்டு. ஒரு காரிலிருந்து கழற்றிய எலக்ட்ரானிக் யூனிட்டை இன்னொன்றில் மாட்டினால், அது முழுமையாக வேலை செய்யாது. டீலர் ஆன்லைனில் கம்பெனி சர்வரோடு இணைத்து அனுமதி வாங்கிய பிறகே இயங்கும். திருட்டு பார்ட்ஸுக்கு மவுசு குறைகிறது என்பது நன்மை. பழைய கார் கடையில் முறையாக வாங்கிய பாகத்துக்கும் டீலரிடம் போய் நிற்க வேண்டும் என்பது சிரமம்.

சாவி விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு நடுவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். என்ஏஎஸ்டிஎஃப் என்ற அமைப்பில் பதிவு செய்த பூட்டு நிபுணர்கள், மெக்கானிக்குகள் கம்பெனிகளிடமிருந்து சாவிக்கான கோடுகளைப் பெறலாம். ஆனால் வந்தவர் வண்டிக்கு உரியவர்தானா என்று அவர்கள் சரிபார்த்துப் பதிவு செய்து வைக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இதே பாணியில் 'செர்மி' என்ற அங்கீகார முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. கேள்வி கேட்கும் பொறுப்பு டீலரிடம் மட்டும் இல்லாமல், சரிபார்க்கப்பட்ட வெளி மெக்கானிக்குகளுக்கும் பகிரப்படுகிறது.

ரிப்பேர் உரிமை கேட்பவர்கள் சொல்வதும் இதைத்தான். ஆதாரம் கேட்பது தப்பில்லை, ஆனால் 'எங்க டீலர்கிட்ட மட்டும்தான் வரணும்' என்பதற்கு அது சாக்காக மாறக் கூடாது என்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது.

நம்ம ஊர்ல எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வியை நாமும் சந்தித்திருப்போம். சாவி தொலைந்து புதுசு கேட்டால் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி. காப்பியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஆன்லைனில் புக் செய்யும்போது, வண்டி நம்பரோடு சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் கொடுக்க வேண்டும். நம்பர் பிளேட்டும் ஒரு வகையில் 'அடையாளப் பாகம்' என்பதால்தான் இந்த ஏற்பாடு.

பழைய வண்டிகளுக்குத் தனி விதியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினல் வடிவத்தில் இருக்க வேண்டும். இறக்குமதி கார் என்றால் இறக்குமதி ஆவணம், ஏற்கெனவே இந்தியாவில் பதிவானது என்றால் பழைய ஆர்.சி. தேவை. பார்ட்ஸ் எங்கிருந்து வந்தது என்ற பில்களைப் பத்திரமாக வைத்திருப்பது இங்கேயும் கைகொடுக்கும்.

பார்ட்ஸ் வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க

- காரை வாங்கும்போதே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்ட பேப்பர்தான் பார்ட்ஸ் கவுன்டரில் கழுத்தைப் பிடிக்கும்.
- பேப்பரில் உள்ள சேஸிஸ் நம்பரும் காரில் பொறித்துள்ள நம்பரும் ஒன்றுதானா என்று நேரில் பாருங்கள். சுற்றிலும் வெல்டிங் தடம், புது பெயின்ட், வரிசை தப்பிய எழுத்துகள் இருந்தால் உஷார்.
- இந்தியாவில் பழைய வண்டி வாங்குபவர்கள், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் அது திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.
- மெக்கானிக் மூலம் வாங்கினால், எந்தக் காருக்கு, எந்தப் பாகம் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.
- ஆர்.சி., அடையாள அட்டை காப்பிகளில் 'இந்த பார்ட்ஸ் வாங்குவதற்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.
- எந்த ஆதாரமும் கேட்காமல், கம்பெனி விலையை விடக் குறைவாக 'அரிய பார்ட்' ஒன்று கிடைக்கிறது என்றால், அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று நீங்கள் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால், வாங்கியவர் மீதும் வழக்கு வரும்.

கடைசியாக ஒன்று. டொயோட்டாவின் விதி, 2000ஜிடி ஓனர்களைத் தடுப்பதற்காக வந்தது இல்லை, அவர்களுக்கு கியர் மிஞ்ச வேண்டும் என்பதற்காக வந்தது. ஆதாரம் கேட்கும் எந்த விதியையும் இதை வைத்தே எடை போடலாம். உண்மையான ஓனர் தன்னிடம் இருக்கும் பேப்பர்களோடு போய், நியாயமான நாட்களுக்குள் பாகத்தை வாங்கிவர முடிகிறதா? முடிந்தால் விதி சரியாக வேலை செய்கிறது. முடியவில்லை என்றால், மாற்ற வேண்டியது விதியைத்தான்.